சுருதி சேராதவர்களுக்காகச் செய்த பெட்டி

அன்புள்ள அம்மா,

கொரியாவில் சுவோன் நகரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். போன வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாடு முடிந்ததும் கூட வேலை பார்க்கும் நண்பர்கள் என்னை நொரேபாங்குக்கு, அதாவது மெஷின் வாசிக்கும் பின்னணி இசைக்கு நாமே பாடும் கரோக்கி அறைக்கு, இழுத்துப் போனார்கள். விளக்கு சுழலும் சின்ன அறை, இரண்டு மைக், ஒரு டம்பரின். ஐந்து பேரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். ஒருவருக்கும் சுருதி சேரவில்லை. அந்த மெஷினில் தமிழ்ப் பாட்டும் இல்லை. கடைசி வரை நான் பாடாமலே உட்கார்ந்திருந்தேன். நல்ல இசை கேட்டு வளர்ந்தவன் நான். இந்தக் கூச்சலை எப்படி இசை என்று ஏற்றுக்கொள்வது? குடித்துவிட்டுப் போகிற இடம் வேறு. அடுத்த முறை நாசூக்காக நழுவிவிடலாமா?

ச.

அன்புள்ள ச.,

பாட்டைப் பாடகர்களிடம் ஒப்படைத்துவிட்டு நாமெல்லாம் எப்போது வாயை மூடிக்கொண்டோம் என்று கொஞ்ச காலமாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

குடி விஷயத்தை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். கொரியச் சட்டப்படி நொரேபாங்கில் மது விற்கக் கூடாது, அதற்கு வேறு உரிமம் வேண்டும். வருகிறவர்கள் முதல் சுற்று, இரண்டாம் சுற்றை வெளியிலேயே முடித்துவிட்டு வருகிறார்கள். உங்களுக்கு வேண்டாம் என்றால் குடிக்காதீர்கள். இதில் பேச வேறொன்றுமில்லை.

"நல்ல இசை கேட்டு வளர்ந்தவன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. உங்களோடு சாப்பிட்டவர்கள் உங்கள் முன்னால் வெட்கத்தை விட்டுப் பாடியிருக்கிறார்கள். நீங்கள் மூலையில் உட்கார்ந்து மார்க் போட்டுக்கொண்டிருந்திருக்கிறீர்கள். உங்களை யார் நீதிபதியாக நியமித்தார்கள்?

அந்தக் கரோக்கிப் பெட்டி யாருக்காக வந்தது என்று தெரியுமா? 1967-இல் டோக்கியோவில் கார் ஸ்டீரியோ செய்யும் சிறு நிறுவனம் நடத்திய ஷிகெயிச்சி நெகிஷி, ஒரு நாள் பாடிக்கொண்டே வேலைக்கு வந்தார். அவரிடம் வேலை பார்த்த பொறியாளர் அவர் பாட்டைக் கேலி செய்தார். பக்கவாத்தியம் இருந்தால் நானும் நன்றாகப் பாடுவேன் என்று நெகிஷிக்கு ரோஷம். முதல் பெட்டி அந்த ரோஷத்தில் பிறந்தது. 1971-இல் கோபேயில் தய்சுகெ இனோவே தனியாக இன்னொன்று செய்தார். அவர் மதுக்கூடங்களில் பாடும் வாடிக்கையாளர்களுக்கு வாசித்துப் பிழைத்தவர். சரியாகப் பாட வராத ஒரு கம்பெனி முதலாளி, வெளியூர்ப் பயணத்துக்குக் கூடவே வந்து வாசிக்கச் சொன்னார். இனோவேயால் போக முடியவில்லை. அந்த மனிதருடைய பாட்டுக்குத் தோதாக வாசித்து நாடாவில் பதிந்து கொடுத்தார். அதுதான் தொடக்கம். இரண்டு பேருமே காப்புரிமை எடுக்கவில்லை. 2004-இல் இனோவேக்கு இக் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. வேடிக்கைக்காகத் தரும் பரிசுதான். ஆனால் அமைதிக்கென்று கொடுத்தது மிகச் சரி.

ஆக, இரண்டு கதையிலும் நடுவில் இருப்பவர் பாட வராதவர். பாட வந்தவனுக்கு மேடை இருக்கிறது, கச்சேரி இருக்கிறது, கைதட்ட ஆள் இருக்கிறது. வராதவனுக்குத்தான் இந்தப் பெட்டி. அங்கே போய்ச் சுருதி சேரவில்லை என்று குறை சொல்கிறீர்கள்!

ஜப்பானைப் பார்த்திருக்கும் துறைமுகம் பூசான். கொரியாவில் நொரேபாங் முதலில் முளைத்தது அங்கேதான், 1991-இல். சில ஆண்டுகளிலேயே நாடெங்கும் பரவியது. ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்த ஜனங்கள் அவர்கள். மூன்றாம் நூற்றாண்டிலேயே சீன வரலாற்றாசிரியர் சென் ஷோ, கொரியர்கள் தங்கள் முன்னோராகக் கருதும் புயோ மக்களைப் பற்றி எழுதுகிறார்: வழியில் போகும் கிழவர்களும் சிறுவர்களும் இரவு பகல் பாராமல் பாடிக்கொண்டே போவார்களாம்.

சியோலில் சின்சோன் பக்கம் ஒரு நொரேபாங்குக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். அன்று எங்களோடு வந்தவர்களில் ஒரு முதிய பதிப்பாசிரியர் சாப்பாட்டு மேசையில் வாயே திறக்கவில்லை. அவர் முறை வந்தது. மைக்குக்குப் புதிதாக ஒரு வெள்ளை உறை மாட்டினார். ரிமோட்டை எடுத்துச் சுருதியை இரண்டு படி இறக்கினார். பாடியது ட்ரோட், அவர்களுடைய பழைய பாணிப் பாட்டு. இரண்டடித் தாளத்தில் குரலை உருட்டி வளைக்க வேண்டும். அவருக்கு வளையவில்லை. மேல் ஸ்தாயியில் குரல் உடைந்தது. உடைந்த இடத்தில் மற்றவர்கள் எழுந்து அவர் தோளில் கை போட்டுக்கொண்டு வரியை வாங்கிக்கொண்டார்கள். அரங்கில் பாடகருக்குக் குரல் உடைந்தால் நாம் பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்ப்போம். அங்கே பார்க்க ஆளே இல்லை, எல்லோருமே பாடுகிறவர்கள்.

என் முறை வந்தபோது மெஷினை நிறுத்தச் சொன்னேன். அத்தையிடம் கற்ற நலங்குப் பாட்டைப் பாடினேன். இரண்டாவது அடியிலேயே அவர்கள் கைத்தாளம் பிடித்துவிட்டார்கள். மெஷினில் தமிழ்ப் பாட்டு இல்லை என்ற உங்கள் புகாருக்கு இது போதும்.

என் அத்தைக்குக் கரகரத்த குரல். ஆனாலும் ஊரில் எந்தக் கல்யாணத்திலும் நலங்குக்கு முதலில் உட்காருவது அவள்தான். பொண்ணையும் மாப்பிள்ளையையும் கேலி செய்து அவள் எடுத்துக் கொடுக்க, சுற்றி இருக்கும் பெண்கள் ஏந்திக்கொள்வார்கள். அவளுக்குக் குரல் வளம் போதாது என்று ஒருத்தரும் சொன்னதில்லை. இன்று அதே ஊரில் கல்யாணத்துக்கு மெல்லிசைக் குழு வருகிறது. சொந்தக்காரர்கள் நாற்காலி போட்டு வரிசையாக உட்கார்ந்து செல்போனில் படம் பிடிக்கிறார்கள். டிவியில் ஏழு வயதுக் குழந்தை பாடுகிறது, நடுவர்கள் சுருதி விலகிய இடத்தைச் சுட்டிக்காட்டுகிறார்கள், குழந்தை அழுகிறது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் உங்கள் தலைமுறைக்கு வாய் கட்டிப்போய்விட்டது. உங்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, தம்பி.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அலுவலக விருந்துக்குப் பிறகு மேலதிகாரி வற்புறுத்திப் பாடவைப்பது கொரியாவில் இளைஞர்களுக்கே வெறுத்துப்போன வழக்கம். அப்படி யாராவது கட்டாயப்படுத்தினால் தாராளமாக மறுத்துவிடுங்கள். ஆனால் உங்களைக் கூப்பிட்டவர்கள் நண்பர்கள்.

அதனால் நழுவாதீர்கள். கூச்சம் இருந்தால் முதலில் தனியாக ஒரு காயின் நொரேபாங்குக்குப் போங்கள். காசு போட்டால் பாட்டு, உள்ளே உங்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். கொரிய எழுத்து சீக்கிரம் வாசிக்க வந்துவிடும். வேகம் குறைந்த பாட்டாக ஒன்றை எடுத்து, திரையில் வரி நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே பாடிப் பழகுங்கள். சுருதியை இறக்கவும் வேகத்தைக் குறைக்கவும் ரிமோட்டிலேயே பொத்தான் இருக்கிறது. பிறகு நண்பர்களோடு போய்ப் பாடுங்கள். எந்தப் பாட்டு என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அம்மா