கிணற்றடி மட்டியும் பாட்டத்து ஏத்தனும்

அன்புள்ள ஐயா,

உரமும் பூச்சிமருந்தும் கொட்டிச் செய்யும் தீவிர வேளாண்மை மண்ணுக்கும் உடலுக்கும் செய்யும் கேடு குறித்து நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். அதில் உள்ளவை பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எங்கள் அப்பாவைப் போன்றவர்கள் அதில் இல்லை. பூதப்பாண்டிப் பக்கம் இரண்டு ஏக்கர் வயலைப் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்து, ஏத்தன் (நேந்திரம்) வாழை வைத்துத்தான் அவர் என்னைப் படிக்கவைத்தார். யூரியாவும் குருணைப் பூச்சிமருந்தும் இல்லாமல் அது நடந்திருக்காது. வீட்டுக் கிணற்றடியில் நிற்கும் மட்டி வாழைக்கு மட்டும் சாணமும் சாம்பலும் தவிர வேறெதுவும் போடமாட்டார். ஏன் என்று கேட்டால் சிரிப்பார். உரமும் மருந்தும் வந்திராவிட்டால் இந்த நாடு பட்டினி கிடந்திருக்கும் என்பதை நீங்கள் ஏன் எழுதுவதில்லை? அப்பாவுக்கு இப்போது 63 வயது. மருந்து போட்ட அன்று இரவு தலைவலி என்று சாப்பிடாமல் படுத்துவிடுகிறார். விவசாயத்தை விட்டுவிடும்படி அவரிடம் நான் சொல்ல வேண்டுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பட்டினியைப் பற்றி எழுதாதது என் குறைதான். 1966-ல் இந்தியா ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியத்தைக் கப்பலில் இறக்கியது. 1950-51-ல் 5 கோடி டன் அளவில் இருந்த உணவு தானிய விளைச்சல் இன்று 33 கோடி டன்னைத் தாண்டியிருக்கிறது. அதே காலத்தில் ரசாயன உரப் பயன்பாடு, சத்துக் கணக்கில், 70 ஆயிரம் டன்னிலிருந்து 3 கோடி டன்னுக்குப் போயிருக்கிறது. விளைச்சல் ஆறு மடங்கும் உரம் நானூறு மடங்கும் பெருகியதாக மேடைகளில் சொல்வார்கள். ஏறக்குறைய ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தொடங்கிய கணக்கு அப்படித்தான் காட்டும் என்பதால் நான் அதைச் சொல்லமாட்டேன். உரம் சோறு போட்டது என்பதில் எனக்கு மறுப்பில்லை.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது கிணற்றடி மட்டிதான். தாம் போடுவது என்னவென்று உங்கள் அப்பாவுக்குத் தெரியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். ஆகவே அறியாமையால் விவசாயி மண்ணைக் கெடுக்கிறார், ஒரு பயிற்சி முகாம் நடத்தினால் திருந்திவிடுவார் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மட்டி அவருடைய மண்ணில் நிற்கிறது. அடுத்த ஆண்டும் அதன் பக்கக்கன்று அங்கேதான் முளைக்கும். ஏத்தன் நிற்பதோ பதினோரு மாதத்துக்கு மட்டும் அவருடையதாக இருக்கும் வயலில். குலை வெட்டியதும் அந்த வயலை வேறொருவர் கூடுதல் பாட்டம் சொல்லி எடுத்துவிடலாம். அப்படியிருக்கையில், சில ஆண்டுகள் போனால்தான் முழுப் பலன் தெரியும் தழையுரத்துக்கும் தொழுவுரத்துக்கும் அவர் ஏன் செலவழிக்க வேண்டும்? இந்தப் பதினோரு மாதத்துக்குள் மண்ணிலிருந்து எடுக்க முடிந்ததை எடுப்பது, பாட்டப் பணத்தையும் வட்டியையும் கட்டியாக வேண்டிய மனிதருக்கு நியாயமான கணக்குத்தான்.

அந்தக் கணக்கை அரசின் ஏற்பாடுகளும் அதே திசையில்தான் தள்ளுகின்றன. எழுத்தில் பாட்டச்சீட்டு இல்லாதவருக்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது. 2019 முதல் மத்திய அரசு விவசாயிகளுக்கு ஆண்டுக்குத் தரும் 6,000 ரூபாயும் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். ஆகவே பாட்டக்காரருக்குக் கடன் தருகிறவர் உரக்கடைக்காரராகிறார்; எந்த மருந்தை எவ்வளவு போடலாம் என்று சொல்பவரும் அவரே. உரத்தின் விலையைப் பாருங்கள். 45 கிலோ யூரியா மூட்டை 270 ரூபாய்க்கும் குறைவு. பொட்டாஷ் மூட்டை அதைப்போல ஐந்து மடங்குக்கு மேல். 2010-ல் சத்தின் அடிப்படையில் மானியம் என்று திட்டத்தை மாற்றியபோது யூரியாவை மட்டும் அதற்கு வெளியே நிறுத்தியதன் விளைவு இது. மலிவான யூரியாவால் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்த நெல் கரும்பச்சையாக, பார்க்க அழகாக நிற்கும். அந்த இளந்தாளைத் தேடித்தான் புகையான் என்னும் தத்துப்பூச்சியும் இலைச்சுருட்டுப் புழுவும் வரும். அதற்கு மருந்தடித்தால் புகையானைத் தின்னும் சிலந்திதான் முதலில் சாகிறது. பிறகு புகையான் முன்னைவிட மும்முரமாகத் திரும்புகிறது.

நம் குமரி மாவட்டத்தில் இது ஒருவர் வரப்போடு நிற்பதில்லை. பேச்சிப்பாறை அணையிலிருந்து இறங்கும் தண்ணீர் கால்வாயில் ஓடி, வயலில் பாய்ந்து, வடிந்து அடுத்த குளத்தில் சேர்ந்து, அங்கிருந்து மீண்டும் வயலுக்குப் போகிறது. மேல்வயலின் வடிநீர்தான் கீழ்க்குளத்தின் வரவு. 2022-ல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூரும் இந்த ஏற்பாட்டின் கீழ்ப்பகுதியில் இருப்பவை. குளத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சேர்ந்தால் ஆகாயத்தாமரை மூடுகிறது; அது அழுகும்போது தண்ணீரிலிருக்கும் உயிர்வளி தீர்ந்து மீன் மிதக்கிறது. போதாக்குறைக்குச் சில குளங்களில் தாமரைப்பூவுக்காகத் தண்ணீரிலேயே உரமும் மருந்தும் போடுகிறார்கள். உரத்திலிருந்து கிணற்றில் இறங்கும் நைட்ரேட்டு இன்னொரு கதை. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. கொதிக்கவைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடத்தான் செய்யும்.

ஆனால் குளத்துக்கும் கிணற்றுக்கும் முன்னால் விலை கொடுப்பது மருந்து போடுகிறவரின் உடல். என் பெரியப்பா வாழைக்குக் குருணை போடுவதைச் சிறுவயதில் கூடவே நடந்து பார்த்திருக்கிறேன். இடது கையில் பொட்டலம், வலது கையில் தேங்காய்ச் சிரட்டை. வாழைக்கு ஒரு சிரட்டை என்று அளந்து கவட்டில் தட்டிவிடுவார், மிச்சத்தை விரலால் வழித்துப் போடுவார். வியர்வையைத் துடைப்பதும் அதே கையால்தான். அன்று அவர் வீட்டுக்குள் வந்தால் முடைநாற்றம் அடிக்கும். பெரியம்மா அவருடைய சாரத்தை (கைலியை) கம்பால் தூக்கிக்கொண்டுபோய்க் கால்வாயில் அலசுவாள். பத்தடி கீழே நாங்கள் குளித்துக்கொண்டிருப்போம். கரிம பாஸ்பரஸ் வகையைச் சேர்ந்த அந்த மருந்தின் பெயர் போரேட். அதை விற்கவும் பயன்படுத்தவும் 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு இந்தியாவில் தடை. அதுவரை கடையில் கிடைத்தது என்பதை நினைவில் வையுங்கள்.

இந்த வகை மருந்துகள் உடலில் செய்வது என்னவென்று சொல்லிவிடுகிறேன், உங்கள் அப்பாவின் தலைவலிக்கு அது தேவை. நரம்பு ஒரு தசைக்குச் செய்தி அனுப்பி முடித்ததும், அந்தச் செய்தியைச் சுமந்த வேதிப்பொருளைத் துடைத்து அகற்ற அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி இருக்கிறது. கரிம பாஸ்பரஸ் மருந்துகள் அந்த நொதியை முடக்கிவிடுகின்றன. செய்தி ஓயாமல் போய்க்கொண்டே இருப்பதால் தலைவலி, வியர்வை, வாயில் எச்சில் ஊறுதல், கண்மணி சுருங்குதல், முற்றினால் மூச்சுத்திணறல் என்று வளர்கிறது. முடங்கிய நொதி பழைய அளவுக்குத் திரும்பப் பல வாரங்கள் ஆகும். அதற்குள் மறுபடி மருந்தடித்தால் முதல் தடவையின் பாதிப்போடு இரண்டாவதும் சேர்கிறது. 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தெளிக்காதவர்களும் தப்புவதில்லை. கேரளத்தின் காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் 2000 வரை வானிலிருந்து தெளித்த எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்து சுற்றிலுமிருந்தவர்களை நோயாளிகளாக்கிய கதையை, மலையாள நாளிதழ் வாசிக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மருந்தை உச்ச நீதிமன்றம் தடை செய்தது 2011-ல்.

ஆகவே, விவசாயத்தை விடச் சொல்லாதீர்கள். இந்த வாரமே அவரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மருந்துப் பொட்டலத்தின் பெயரைத் தாளில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டி, இரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவு பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். கையுறை வாங்கிக் கொடுங்கள். மருந்தடித்த துணியை வீட்டுத் துணியோடு சேர்க்க வேண்டாம். அதன்பின் வயல்காரரிடம், அதாவது நிலத்தின் சொந்தக்காரரிடம் போய், மூன்று ஆண்டுக்கு எழுத்தில் பாட்டம் கேளுங்கள். அப்பாவிடம் பேசுவதைவிட அவரிடம் பேசுவதால்தான் யூரியா குறையும் என்பது என் எண்ணம்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நானும் வயல்காரன்தான். என் பங்குக்கு வந்த அறுபது சென்ட் வயலைப் பன்னிரண்டு ஆண்டுகளாக ஆண்டுப் பாட்டத்துக்கே விட்டுவந்தேன். நீண்ட காலத்துக்கு விட்டால் குத்தகை உரிமை வந்துவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்தியதுதான் காரணம். போன கன்னிப்பூ (முதல் போக நெல்) அறுவடைக்குப் பிறகு மூன்று ஆண்டுக்கு எழுதிக் கொடுத்தேன். சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்த பாட்டக்காரர், “அண்ணாச்சி, நான் எருவும் தழையும் போட்டு மண்ணைத் தேத்தி வச்ச பொறவு, நாலாவது வருசம் வேற ஆளுக்குக் குடுத்திருவியளா?” என்று கேட்டார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.