டப்ளின் கடலில் இறங்க நல்லெண்ணெய் போதுமா, வெட்சூட் வேண்டுமா?

கேள்வி: எனக்கு 54 வயது. காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவன். விவரம் தெரிந்த நாளிலிருந்து கடலில் நீந்துகிறேன். பிரஷருக்கு சில வருடங்களாக அட்டெனலால் மாத்திரை சாப்பிடுகிறேன். மகன் அயர்லாந்தில், டப்ளினில் வேலை பார்க்கிறான். மே மாதம் அவனைப் பார்க்கப் போகிறேன். அங்கே ஃபார்ட்டி ஃபுட் என்ற இடத்தில் நண்பர்களோடு கடலில் நீந்துவானாம், என்னையும் கூப்பிடுகிறான். தண்ணீர் 11 டிகிரி இருக்குமாம், ரப்பர் சூட் போட்டே ஆக வேண்டும் என்கிறான். உடம்பு முழுக்க நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு டவுசர், பனியனோடு இறங்கினால் போதாதா டாக்டர்?

பதில்: போதாது ஐயா. உங்கள் மகன் சொல்வதுதான் சரி.

எண்ணெய் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இதைப் பலர் நம்புகிறார்கள். தோல்மேல் தேய்க்கிற எண்ணெய்ப் படலம் குளிரைத் தடுக்கிற அளவுக்குக் கனமானது இல்லை. இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடக்கிறவர்கள் கிரீஸ் பூசிக்கொள்கிறார்களே என்று கேட்பீர்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு எல்லாம் மணிக்கணக்கில் உரசிப் புண்ணாகாமல் இருக்கத்தான் அது பெரும்பாலும் உதவுகிறது. நம்ம நீச்சல் வீரர் குற்றாலீஸ்வரன் 1994இல் கடந்தாரே, அந்தக் கால்வாய் நீச்சலின் விதிப்படி சாதாரண நீச்சலுடை, ஒரு குல்லா, ஒரு கண்ணாடி, அவ்வளவுதான் அனுமதி. ஆனால் அது குளிர்நீரில் நீண்ட நாள் பழகி, பக்கத்திலேயே படகு வைத்துக்கொண்டு செய்கிற காரியம். விடுமுறைக்குப் போகிற இடத்தில் செய்கிறது இல்லை. பனியனும் வேண்டாம். நனைந்த பருத்தி தண்ணீருக்குள் கையை இழுக்கும், வெளியே வந்ததும் காற்றில் இன்னும் குளிரவைக்கும்.

உங்கள் நீச்சலில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் காசிமேட்டுக் கடல் மார்கழியில்கூட 25, 26 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், வெயில் காலத்தில் 29, 30க்குப் போய்விடும். உங்கள் உடம்பு இத்தனை வருடம் பழகியிருப்பது அந்தக் கடலுக்கு. 11 டிகிரி என்பது ஃபிரிட்ஜ் தண்ணீரைவிடக் கொஞ்சம் தேவலாம், அவ்வளவுதான். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும், அதனால் 11 டிகிரி காற்றில் சட்டையோடு நடக்கிறவர்கூட 11 டிகிரி தண்ணீரில் தடுமாறிப்போவார். உடம்பு விறைத்துச் சாவதைத்தான் எல்லோரும் நினைத்துப் பயப்படுகிறார்கள், ஆனால் அதற்கு அரை மணி நேரமாவது ஆகும். அதற்கு வெகு முன்னாலேயே, இறங்கின முதல் இரண்டு நிமிடத்திலேயே ஆபத்து இருக்கிறது. தோலில் திடீரென்று குளிர் பட்டதும் நம்மைக் கேட்காமலே ஒரு பெரிய மூச்சு உள்ளே போகும், அப்போது வாய் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீர்தான் நுரையீரலுக்குப் போகும். மூச்சு தாறுமாறாக இரைக்கும், பிரஷர் சட்டென்று ஏறும், இதயம் படபடவென்று அடிக்கும். அதே நேரத்தில் முகமும் முங்கினால் இன்னொரு நரம்பு இதயத்தை மெதுவாக்கப் பார்க்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக இழுப்பதில் இதயத் துடிப்பு தப்பிப்போகலாம். பிரஷர் இருக்கிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. அதனால் எந்த உடை போட்டாலும் சரி, படகிலிருந்து குதிக்கிற பழக்கத்தில் அங்கே பாறையிலிருந்து குதித்துவிடாதீர்கள். ஃபார்ட்டி ஃபுட்டில் படிக்கட்டு இருக்கிறது, கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி, முகத்திலும் பிடரியிலும் தண்ணீர் தெளித்துக்கொண்டு, மூச்சு அடங்கின பிறகுதான் கையை விட வேண்டும்.

சரி, உங்கள் மகன் சொன்ன ரப்பர் சூட்டுக்கு, அதாவது வெட்சூட்டுக்கு வருவோம். அது உங்களை நனையாமல் வைத்திருக்காது, உள்ளே தண்ணீர் வரத்தான் செய்யும். நியோப்ரீன் ரப்பருக்குள் அடைபட்ட பொடிப்பொடி வாயுக் குமிழ்கள்தான் உடம்பின் சூட்டை வெளியே விடாமல் காக்கின்றன, உள்ளே வந்த கொஞ்சம் தண்ணீர் தோலோடு ஒட்டி நின்று சூடாகிவிடும். சூட் லூசாக இருந்தால் அந்தத் தண்ணீர் போய்ப் போய்ப் புதுக் குளிர்நீர் வந்துகொண்டே இருக்கும், போட்டும் பயனில்லை. அதனால் கனத்தைவிட அளவுதான் முக்கியம். இடுப்புக்குப் பின்பக்கம், அக்குள், கழுத்து, இந்த மூன்று இடத்தில் பை மாதிரி தொங்கக்கூடாது. அதற்காக இறுக்கிப் பிடிப்பதையும் வாங்காதீர்கள். போட்டுக்கொண்டு ஆழமாக மூச்சை இழுத்துப் பாருங்கள், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பாருங்கள், ஒரு ஐந்து நிமிடம் அப்படியே நில்லுங்கள். நெஞ்சு முழுசாக விரியவில்லை என்றாலோ, கழுத்துப் பட்டை அழுத்தித் தலை கிறுகிறுக்கிறது என்றாலோ அடுத்த அளவு கேளுங்கள். கழுத்தின் பக்கவாட்டில் அழுத்தினால் பிரஷரும் துடிப்பும் குறையும், உங்கள் மாத்திரையும் துடிப்பைக் குறைக்கிற மாத்திரைதான்.

நீச்சலுக்கென்றே தைத்த வெட்சூட்டாகக் கேளுங்கள், அலைச்சறுக்குக்கோ டைவிங்குக்கோ உள்ளது வேண்டாம். நீச்சல் சூட்டில் மார்பு, தொடைப் பக்கம் 3 முதல் 5 மில்லிமீட்டர் கனமும் தோளில் மெல்லிசாக 2 மில்லிமீட்டர் போலவும் இருக்கும், கை வீசுவதற்கு வசதி. முழுக்கை, முழுக்காலாக இருக்கட்டும். இங்கே தேடி அலைய வேண்டாம், டப்ளினில் மகனோடு கடைக்குப் போய்ப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். நம்ம ஊர்க் கடலில் போட்டு ஒத்திகை பார்க்கவும் வேண்டாம், இந்தச் சூட்டில் உடம்பு கொதித்துவிடும்.

போடுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். மளிகைக் கடை பிளாஸ்டிக் கவரைப் பாதத்தில் மாட்டிக்கொண்டு காலை உள்ளே விட்டால் வழுக்கிக்கொண்டு போகும், பிறகு கவரை உருவிவிடலாம். கைக்கும் அப்படியே. நகத்தை வெட்டிவிட்டு, விரல் நுனிச் சதையால் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றுங்கள், நகம் பட்டால் ரப்பர் கிழியும். கழுத்தைச் சுற்றி வாஸலின் தடவிக்கொள்ளுங்கள். உங்கள் நல்லெண்ணெய் ஆசைக்கு இவ்வளவுதான் இடம்.

அட்டெனலால் சாப்பிடுகிறவர்களுக்கு சாதாரணமாகவே கை, கால் சில்லிட்டுப்போகும். அதனால் மற்றவர்களைவிட உங்களுக்கு நியோப்ரீன் கையுறையும் சாக்ஸும் அவசியம், அங்கே பாறை வழுக்கும் என்பதால் சாக்ஸ் இரட்டிப்பு நல்லது. தலைக்கு ஆரஞ்சு, ரோஸ் மாதிரி பளிச்சென்ற நிறத்தில் சிலிக்கான் குல்லா, உள்ளே இன்னொன்றும் போடலாம். காதில் அடைப்பான் வையுங்கள், குளிர்நீர் காதுக்குள் போனால் தலை சுற்றும், மேலே எது கீழே எது என்று தெரியாமல் போகும். இடுப்பில் கட்டி இழுத்துப் போகிற காற்று மிதவையும் வேண்டும். முதல் நாள் ஐந்து நிமிடத்தோடு ஏறிவிடுங்கள், தெம்பாக இருந்தாலும்.

ஏறின பிறகு போடுகிற துணியைத்தான் பலர் யோசிப்பதே இல்லை. கரைக்கு வந்த பிறகும் அரை மணி வரை உடம்பின் உள்சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். ஏறும்போது நன்றாக இருந்தவர் பத்து நிமிடம் கழித்து வெடவெடவென்று நடுங்குவது அதனால்தான். விரல் மரத்துப்போய் பட்டன் மாட்ட வராது, ஜிப் இழுக்க வராது. இறங்குவதற்கு முன்பே துணிகளைப் போடுகிற வரிசையில் அடுக்கி வையுங்கள், எல்லாவற்றுக்கும் மேலே துண்டு. லுங்கியைக் கொண்டு போங்கள், உள்ளே இருந்து ஈரத்தைக் கழற்ற அதைவிட வசதியானது எதுவும் இல்லை. துடைத்த கையோடு கம்பளித் துணி, லூசான ஸ்வெட்டர், எலாஸ்டிக் வைத்த பேண்ட், தடித்த சாக்ஸ், மங்கி குல்லா, மேலே காற்றுப் புகாத கோட்டு. உடனே சுடுதண்ணீரில் குளிக்காதீர்கள், மயங்கி விழலாம். சூடாக இனிப்பு டீ குடியுங்கள், உடம்பைச் சூடாக்கும் என்று சொல்லி யாராவது மது கொடுத்தால் தொடாதீர்கள். அது தோலின் ரத்தக் குழாய்களை விரித்து உள்சூட்டை வெளியே தள்ளும்.

நீந்தும்போதோ ஏறின பிறகோ அடங்காத இருமல், மூச்சுத் திணறல், ரோஸ் நிறத்தில் நுரை வருவது, இதில் எது வந்தாலும் 112ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம், பிரஷர் இருக்கிறவர்களுக்கும் சூட் இறுக்கமாகப் போடுகிறவர்களுக்கும் இது வருகிற வாய்ப்பு கூடுதல்.

இதெல்லாம் உங்கள் இதயம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான். கிளம்புவதற்கு முன்னால் ஈசிஜி, எக்கோ இரண்டும் எடுங்கள், பக்கத்திலேயே ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது. மாடி ஏறினால் நெஞ்சு இறுக்குவது, துடிப்பு விட்டுவிட்டு அடிப்பது இருந்தால் எந்த உடையும் உதவாது, கரையில் உட்கார்ந்து மகன் நீந்துவதைப் பாருங்கள். குளிருக்கு ஒத்துவராது என்று அட்டெனலாலை நீங்களாக நிறுத்திவிடவே கூடாது, திடீரென்று நிறுத்தினால் மாரடைப்புகூட வரலாம். மாத்திரையை மாற்ற வேண்டுமா என்பதை, குளிர்நீரில் நீந்தப் போகிறேன் என்று சொல்லி உங்கள் இதய மருத்துவரிடமே கேளுங்கள். எக்கோ ரிப்போர்ட்டும் காலை, மாலை எடுத்த பிரஷர் அளவுகளும் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.