1,500ஆவது குழந்தை

அன்புள்ள ஆசிரியருக்கு,

உரமாகப் பயன்படும் பாஸ்பேட் கனிமத்தை விற்றுப் பெரும் செல்வம் சேர்த்த, பசிபிக் பெருங்கடலிலுள்ள நவூரு தீவு மக்கள், ஊதாரித்தனத்தால் அனைத்தையும் இழந்ததாக வாசித்தேன். பேராசைக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் உண்டா? அந்த மண்ணை மீட்க முடியுமா?

ர.

அன்புள்ள ர.,

சில வாரங்களாக நவூருவைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்ததால் உடனே எழுதுகிறேன். ஒரு மக்களை நீதிக்கதையாகச் சுருக்கும் பழக்கத்தை நீங்கள் விட்டாக வேண்டும். பணம் தவறான முதலீடுகளில் கரைந்தது உண்மைதான்; அதைப் பலரும் எழுதிவிட்டார்கள். ஆனால் 21 சதுர கிலோமீட்டரே உள்ள அந்தத் தீவின் பாஸ்பேட் நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, 1968இல் ஆஸ்திரேலிய நிர்வாகத்திலிருந்து விடுதலை கிடைப்பதற்கு முன்பே தோண்டப்பட்டுவிட்டது. அதை அள்ளிச் சென்று ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வயல்களுக்கு உரமாக்கியவர்களின் பேராசை ஏன் உங்கள் கண்ணில் படவில்லை?

நவூருவை அறிய வேண்டுமானால் அங்காம் என்ற அவர்களுடைய மொழிச் சொல்லிலிருந்து தொடங்குங்கள். இலக்கை எட்டுதல், வீடு திரும்புதல் என்று அதற்குப் பொருள். 1920இல் இன்புளுயன்சா காய்ச்சல் பலரைக் கொண்டுபோன பிறகு, 1,500 பேராவது இருந்தால்தான் இனம் பிழைக்கும் என்று கணக்கிட்டார்கள்; அந்த எண்ணை எட்டுவதே அவர்களின் அங்காம். 1932 அக்டோபர் 26 அன்று 1,500ஆவது ஆளாக ஒரு பெண்குழந்தை பிறந்தாள். இரண்டாம் உலகப் போரில் தீவைப் பிடித்திருந்த ஜப்பானியர் 1943இல் ஏறத்தாழ 1,200 பேரைப் பசிபிக்கிலேயே உள்ள ட்ரக் தீவுகளுக்குக் கடத்தியபோது அவளும் போனாள், அங்கேயே இறந்தாள். 1946 ஜனவரி 31 அன்று உயிரோடு ஊர் திரும்பியவர்கள் 737 பேர். தீவிலேயே எஞ்சியிருந்தவர்களோடு சேர்த்து மீண்டும் எண்ணி, 1949இல் 1,500ஐ எட்டினார்கள். ஒவ்வொரு பிறப்பையும் ஊரே காத்திருந்து எண்ணிய இந்த மக்களையா, ர., ஊதாரிகள் என்ற ஒற்றைச் சொல்லில் அடைக்கிறீர்கள்?

மண்ணை மீட்பது எளிதல்ல. தீவின் நடுமேட்டில் நான் நின்றிருக்கிறேன். சுண்ணாம்புக் கற்தூண்களுக்கு இடையிலிருந்த பாஸ்பேட்டை வழித்தெடுத்துவிட்டதால், சாம்பல்நிறக் கூர்முனைகள் ஆளுயரத்துக்கும் மேலாக நிற்கின்றன. கால் வைக்கச் சமதரை இல்லை. இந்த நிலத்தை விட்டு குவீன்ஸ்லாந்துக் கரையோரத்துத் தீவு ஒன்றில் குடியேறுங்கள் என்று ஆஸ்திரேலியா சொன்னபோது, அங்கே தனி நாடாக வாழ முடியாது என்பதால் 1964இல் அவர்கள் மறுத்துவிட்டார்கள். விடுதலை நாளாக அவர்கள் தேர்ந்தெடுத்தது, அந்த 737 பேர் கரையேறிய அதே ஜனவரி 31.