பெயரைக் கேட்காதீர்கள், கறியைக் கேளுங்கள்

கேள்வி: வேலைக்காகச் சென்னைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. ஊரில் கிடைக்காத ஒன்றை இங்கே நன்றாகச் சாப்பிட வேண்டும் என்ற ஆசையில், நல்ல பர்கர் எங்கே கிடைக்கும் என்று தேடத் தொடங்கினேன். நுங்கம்பாக்கம், அண்ணா நகர், பெசன்ட் நகர், வேளச்சேரி என்று இதுவரை பதினான்கு கடைகளுக்குப் போய்விட்டேன். செல்பேசியில் நான்கரை நட்சத்திரத்துக்குக் குறைந்த கடைக்குள் கால் வைத்ததில்லை. சனி, ஞாயிறு இரவுகளில் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றிருக்கிறேன். சில நாள் அறைக்கே வரவழைத்தும் சாப்பிட்டிருக்கிறேன். ஒன்றுகூட மனத்தில் நிற்கவில்லை. உம்மா வீட்டில் செய்யும் கட்லெட்டே மேல் என்று தோன்றுகிறது. இவ்வளவு பெரிய ஊரில் நல்ல பர்கரே இல்லையா? நீங்களாவது ஒரு கடையின் பெயரைச் சொல்லுங்கள்.
– கீழக்கரை வாசகர், சென்னையிலிருந்து

பதில்: பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அது உங்களுக்குப் பதினைந்தாவது கடையாகத்தான் முடியும். உங்கள் கடிதத்தில் பேட்டைகளின் பெயர்கள் இருக்கின்றன, நட்சத்திரக் கணக்கு இருக்கிறது, வரிசையில் நின்ற நேரம் இருக்கிறது. ஆனால் அந்தப் பதினான்கு கடைகளிலும் நீங்கள் சாப்பிட்டது என்ன கறி, அது எப்போது கொத்தியது, எந்தக் கல்லில் வெந்தது, பன் எங்கே சுட்டது என்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இவற்றைக் கேட்காமல் பதினான்கு கடைகள் ஏறி இறங்கியவர் இன்னும் தேடவே தொடங்கவில்லை என்றுதான் நான் கருதுகிறேன்.

நீங்கள் கீழக்கரைக்காரர் என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். கூடையை இறக்கி வைத்த மீன்காரம்மாவிடம் உங்கள் உம்மா முதலில் விலையைக் கேட்பதில்லை. செவுளைத் தூக்கி உள்ளே சிவப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். பாறை மீனின் முதுகை விரலால் அழுத்தி, பதிந்த குழி மேலெழும்பி வருகிறதா என்று பார்ப்பார். கரைவலையில் விழுந்ததா, விசைப்படகின் ஐஸ் பெட்டியில் நாலு நாள் கிடந்ததா என்று கேட்பார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் யாரேனும் பெரிய வஞ்சிரத்தைக் கொண்டுவந்து இன்றைய மீன் என்றால், கூடுதலாக இரண்டு கேள்வி கேட்ட பிறகே கூடையில் கை வைப்பார். அந்த வீட்டில் வளர்ந்த நீங்கள் பட்டணத்தில், முன்பின் அறியாத எவரோ அழுத்திய நட்சத்திரத்தை நம்பிக் காசைக் கொடுத்துவிட்டு, கறியைப் பற்றி ஒன்றும் கேட்காமல் திரும்பியிருக்கிறீர்கள்.

பர்கரின் வரலாற்றிலேயே இந்தக் கேள்விக்குப் பெரிய இடம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மக்கள் கொத்துக்கறியை எளிதில் நம்பவில்லை. கொத்திய பிறகு அது எந்த உறுப்புக் கறி, எத்தனை நாள் கறி என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். சிகாகோ இறைச்சி ஆலைகளின் அசுத்தம் வெளிச்சத்துக்கு வந்து, 1906இல் இறைச்சிப் பரிசோதனைக்கென்று சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. 1921இல் கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் வால்டர் ஆண்டர்சனும் பில்லி இங்க்ராமும் ஒயிட் காசில் கடையைத் தொடங்கியபோது, இந்த அவநம்பிக்கையைப் போக்குவதையே முதல் வேலையாகக் கொண்டார்கள். கடையை வெண்மையாக வைத்து, அடுப்பை வாடிக்கையாளரின் கண்ணெதிரே அமைத்து, ஒரு பர்கரை ஐந்து சென்ட்டுக்கு விற்றார்கள். பார்த்து வாங்கலாம் என்ற நம்பிக்கை வந்த பிறகே பர்கர் ஊரெல்லாம் பரவியது. நூறு ஆண்டு கழிந்து, அடுப்பு சுவருக்குப் பின்னால் போய்விட்ட கடைகளில் நீங்கள் விளக்கு அலங்காரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இனி கறியைப் பார்ப்போம். முழுத் துண்டாக இருக்கும் இறைச்சியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். கொத்தும்போது அது உள்ளெங்கும் கலந்துவிடும். ஆகவே ஆட்டுக்கறி, மாட்டுக்கறி எதுவானாலும் கொத்தியது என்றால் உள்ளே 71 டிகிரி செல்சியஸ் சூடு எட்ட வேண்டும், கோழியானால் 74 டிகிரி எட்ட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் வரையறை. அவ்வளவு வெந்த பிறகும் கறி சக்கையாகாமல் இருக்க வேண்டுமானால் அதில் கொழுப்பு இருந்தாக வேண்டும். நூறு கிராமுக்கு இருபது கிராம் கொழுப்பு என்பது பர்கர் சமைப்போர் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் அளவு. இங்கேதான் நம் ஊர்க் கடைகள் பல தடுமாறுகின்றன. 1996இல் டெல்லியில் மெக்டொனால்ட்ஸ் இந்தியாவின் முதல் கடையைத் திறந்தபோது மாட்டிறைச்சியைத் தவிர்த்து ஆட்டுக்கறியைப் பயன்படுத்தியது. பின்னர் அந்த இடத்துக்குக் கோழி வந்தது. நீங்கள் ஏறிய கடைகளிலும் பெரும்பாலும் கோழிதான் கிடைத்திருக்கும். கோழியின் நெஞ்சுக்கறியில் கொழுப்பு மிகக் குறைவு. தொடைக்கறியைக் கொத்தினால் வரக்கூடிய சாற்றை நெஞ்சுக்கறியில் எதிர்பார்க்க முடியாது என்பதால், ரொட்டித்தூளைப் பூசி எண்ணெயில் பொரித்து, வறட்சியை மறைக்க மயோனைஸையும் சிவப்புச் சாஸையும் வழிய வழிய ஊற்றுகிறார்கள். முண்டு மிளகாயின் காரத்தையும் மணத்தையும் அறிந்த நாக்கு உங்களுடையது. அதில் ஒன்றும் நிற்காமல் போனதற்கு முதற் காரணம், நீங்கள் பல இடங்களில் சாஸைத்தான் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதே.

உம்மாவின் கட்லெட் மேலாக இருப்பதற்குப் பாசம் மட்டும் காரணமன்று. காலையில் கறிக்கடையில் சொல்லி வாங்கிய கறி மாலைக்குள் சட்டியில் விழுகிறது. சட்டியிலிருந்து நேரே தட்டுக்கு வருகிறது. ஆனால் கட்லெட்டுக்கான கைப்பக்குவத்தைப் பர்கரில் தேடாதீர்கள். கட்லெட்டுக்கு உருளைக்கிழங்கும், கோலா உருண்டைக்குப் பொட்டுக்கடலை மாவும் சேர்த்துப் பிசைய வேண்டும். பர்கர் கறியைப் பிசையவே கூடாது. உப்பைக்கூட முன்னதாகக் கலக்கக் கூடாது. உப்புப் போட்டுப் பிசைந்த கொத்துக்கறி ஒன்றோடொன்று இறுகி, ரப்பர் போல மெல்ல வேண்டியதாகிவிடும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அச்சக வேலையாகச் சென்னைக்குப் போயிருந்தபோது, திருவல்லிக்கேணியில் ஒரு சந்து முனையில் நின்ற தள்ளுவண்டியில் பர்கர் சாப்பிட்டேன். ஆட்டுக்கறியை அன்று காலையில் தானே கறிக்கடையில் நின்று கொத்தி வாங்கியதாக வண்டிக்காரத் தம்பி சொன்னார். எவர்சில்வர் டப்பாவில், ஐஸுக்கு மேல், எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிய உருண்டைகளாக அது இருந்தது. வெள்ளைக் கொழுப்பு புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. கல் நன்றாகக் காய்கிற வரை என்னைக் காக்க வைத்தார். ஓர் உருண்டையை எடுத்துக் கல்லில் வைத்து, கொத்தனார் கரண்டி போன்ற தட்டையான கரண்டியால் ஒரே முறை அழுத்தினார். அதன் பிறகே உப்பையும் மிளகுத் தூளையும் தூவினார். பிறகு அதைத் தொடவே இல்லை. ஓரங்கள் சரிகை போலப் பொரிந்து வந்ததும் கல்லோடு ஒட்டச் சுரண்டித் திருப்பினார். அடிப்பக்கம் கருப்பட்டி நிறத்தில் இருந்தது. அந்தக் கொழுப்பிலேயே பன்னின் அறுத்த பக்கத்தைக் கவிழ்த்து வாட்டினார். வெங்காயம் நான்கு வளையம், ஊறுகாய் வெள்ளரி இரண்டு துண்டு, அவ்வளவுதான். தாளில் சுற்றிக் கொடுத்ததை நின்றபடியே சாப்பிட்டு முடித்துவிட்டு இன்னொன்றும் கேட்டு வாங்கினேன்.

அந்தக் கருப்பட்டி நிறத்தில்தான் பர்கரின் மணம் முழுவதும் இருக்கிறது. கறியின் மேலுள்ள ஈரம் வற்றி, சூடு 140 டிகிரியைத் தாண்டும்போதுதான் அந்த நிறமும் மணமும் வேகமாக உண்டாகும். பிரெஞ்சு வேதியியலர் லூயி கமீல் மயார் 1912இல் இதை விளக்கியதால் மயார் வினை என்கிறார்கள். ஒரே நேரத்தில் இருபது துண்டுக் கறியைக் கல்லில் போட்டால் சூடு இறங்கும். கறி தன் தண்ணீரிலேயே வெந்து சாம்பல் நிறமாகும். நீங்கள் சனி இரவில் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று வாங்கியது அந்த நேரத்துப் பர்கர். அறைக்கு வரவழைத்ததைப் பற்றிப் பேசவே வேண்டாம்; மூடிய அட்டைப் பெட்டிக்குள் அரை மணி நேரம் ஆவியில் ஊறிய எந்தப் பர்கரையும் வைத்து எந்தக் கடையையும் எடை போடக் கூடாது.

அதே பயணத்தில், பெரிய கடை ஒன்றில் கறி எப்போது கொத்தியது என்று பணியாளரிடம் கேட்டேன். "கம்பெனியிலேருந்து உறைய வச்சு வருது சார், நாங்க பொரிச்சுக் குடுக்குறதோட சரி" என்றார். உண்மையைச் சொன்ன அவர் மேல் எனக்குக் குறையில்லை. தள்ளுவண்டியில் கொடுத்ததைப் போல நான்கு மடங்கு விலை போட்டிருந்த கடை, அதை விலைப் பட்டியலில் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும் என்பதே என் வருத்தம்.

பன்னைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விரலால் அமுக்கினால் அமுங்கி எழ வேண்டும். அறுத்த பக்கம் வாட்டியிருக்க வேண்டும். கரி சேர்த்துக் கறுப்பாக்கிய பன்னுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். கறி வெந்ததும் ஏறக்குறைய கால் பங்கு சுருங்கும் என்பதை அறியாத கடையில், கடைசி இரண்டு வாய் வெறும் பன்னாகவே இருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் கரையிலிருந்து போனவர் பதினான்கு கடைகளில் ஒன்றிலாவது மீன் பர்கரைச் சாப்பிட்டுப் பார்த்தீர்களா என்று அறிய விரும்புகிறேன். 1962இல் சின்சினாட்டி நகரில், வெள்ளிக்கிழமை இறைச்சி உண்ணாத கத்தோலிக்கர்களால் விற்பனை விழுந்தபோது, மெக்டொனால்ட்ஸ் கடை நடத்திய லூ குரோன் என்பவர் கொண்டுவந்தது அது. கறியில் உங்களை ஏமாற்றலாம், மீனில் முடியாது. ஒரு கடையின் மீன் பர்கரைப் பிட்டு முகர்ந்து பார்த்தாலே, அந்தக் கடை சரக்கை எப்படி வாங்குகிறது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இனிமேல் வார இறுதி இரவில் போகாதீர்கள். விடுப்பு எடுக்க முடிந்த ஒரு வார நாளில், கூட்டம் சேர்வதற்கு முன், பகல் பன்னிரண்டரைக்குப் போங்கள். கல் தெரிகிற இடத்தில் உட்காருங்கள். என்ன கறி, எந்தப் பகுதிக் கறி, எப்போது கொத்தியது, கேட்ட பிறகுதான் கல்லில் போடுவீர்களா என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல சமையற்காரர் இந்தக் கேள்விகளுக்கு மகிழ்ந்து பதில் சொல்வார். முகம் சுளித்தால் தயங்காமல் எழுந்து வந்துவிடுங்கள். முதல் முறை சாஸ் வேண்டாம் என்று சொல்லி, கறியும் பன்னும் மட்டும் வாங்குங்கள்.

திருவல்லிக்கேணித் தம்பியின் வண்டி இப்போது அந்தச் சந்தில் இல்லை. சென்ற ஆண்டு நானே போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். அவரைப் போன்ற இன்னொருவர் உங்கள் அறைக்கு இரண்டு தெரு தள்ளிக்கூட இருக்கலாம். கண்டுபிடித்ததும் எழுதுங்கள். கடையின் பெயர் கடைசி வரியில் இருக்கட்டும். முதல் வரியில் கறியைப் பற்றி எழுதுங்கள்.