சருமப் பூச்சுகளை எதை நம்பி வாங்குவது? – கேள்வி பதில்

முகம் கழுவ ஒரு பொருள், பூசிக்கொள்ள ஒரு கிரீம் என்றிருந்த நிலை மாறி, இன்று டோனர், சீரம், எசன்ஸ், மாஸ்க் என வரிசை நீண்டுகொண்டே போகிறது. அழகுப்பொருள் தயாரிப்பு வேதியியலில் பணியாற்றியவன் என்ற முறையில், வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி: மாதந்தோறும் புதிய பிராண்டுகள் வருகின்றன. அரசு பரிசோதித்து அனுமதித்த பிறகுதானே அவை கடைக்கு வருகின்றன?

பெரும்பாலும் இல்லை. மருந்துகளைப் போல ஒவ்வொரு அழகுப்பொருளும் முன்கூட்டியே ஒப்புதல் பெறுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு முன் தகுதி பெற்ற ஒருவரின் பாதுகாப்பு மதிப்பீடு கட்டாயம். அமெரிக்காவில் 2022இல் இயற்றப்பட்ட சட்டம் பதிவையும், கடுமையான பக்கவிளைவுகளைத் தெரிவிப்பதையும் கட்டாயமாக்கியதே தவிர, முன் ஒப்புதலைக் கொண்டுவரவில்லை. பொருளின் பாதுகாப்புக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு. பல புதிய பிராண்டுகளுக்குச் சொந்த ஆலை கிடையாது. ஒப்பந்த அடிப்படையில் வேறொரு நிறுவனம் தயாரித்துத் தருகிறது. அதனாலேயே அவற்றைத் தரக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் உட்பொருள் பட்டியல், தயாரிப்பாளரின் முகவரி, தொகுதி எண் (பேட்ச் நம்பர்), காலாவதி நாள் ஆகியவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும், எவ்வளவு பெரிய விளம்பரம் வந்தாலும் அந்தப் பொருளை நான் வாங்கமாட்டேன்.

கேள்வி: உட்பொருள் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. எதைக் கவனிப்பது?

உட்பொருட்கள் அளவின் இறங்குவரிசையில் எழுதப்படும். ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதலாம். ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பதப்படுத்தியை, அதாவது பொருள் கெடாமல் காக்கச் சேர்ப்பதை, பட்டியலில் தேடுங்கள். ஐரோப்பிய விதிப்படி அதன் உச்சவரம்பு ஒரு விழுக்காடு. ஆகவே அந்த விதிக்கு உட்பட்ட ஒரு பொருளின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் புகழப்படும் மூலிகைச் சாறு இதற்குப் பின்னால் நின்றால், அது ஒரு விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்று பொருள். வைட்டமின் ஏ வகையான ரெட்டினால் போன்ற சில பொருட்கள் அந்தச் சிறிய அளவிலேயே வேலை செய்பவை என்பதால் அவற்றுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. ‘ஹைப்போஅலர்ஜெனிக்’ (ஒவ்வாமை தரும் வாய்ப்பு குறைவு), ‘தோல் மருத்துவர்களால் பரிசோதிக்கப்பட்டது’ என்பவற்றுக்குப் பல நாடுகளில் சட்டப்படியான வரையறையே இல்லை. ‘வாசனையற்றது’ என்று எழுதப்பட்டிருந்தாலும், மூலப்பொருளின் வாடையை மறைக்க நறுமணப்பொருள் சேர்த்திருக்கக்கூடும். ஒவ்வாமை உள்ளவர்கள் ‘நறுமணம் சேர்க்கப்படாதது’ என்ற குறிப்பையே நாட வேண்டும்.

கேள்வி: என் தங்கை பயன்படுத்தும் சிவப்பழகு கிரீம் சில நாட்களிலேயே முகத்தை வெளுக்கச் செய்துவிட்டது. நல்ல பொருள்தானே?

அந்த வேகம்தான் எனக்கு அச்சத்தைத் தருகிறது. இவ்வளவு விரைவில் நிறம் மாறினால், பாதரசமோ, வீரியமான ஸ்டீராய்டோ, தோலை வெளுக்கச் செய்யும் ஹைட்ரோகுவினோனோ கலந்திருக்கலாமென்று ஐயுற வேண்டும். பாதரசம் நிறமியான மெலனின் உருவாவதைத் தடுக்கிறது. ஆனால் தோல் வழியே உடலுக்குள் சென்று சிறுநீரகத்தைச் சிதைக்கிறது. பூசியவர் உடலிலிருந்தும் துணிகளிலிருந்தும் வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் அது போய்ச் சேரும். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013இல் ஏற்கப்பட்ட மினமாட்டா பன்னாட்டு உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள், பாதரசம் சேர்த்த அழகுப்பொருட்கள் அனைத்தையும் 2025க்குள் நிறுத்துவதென 2023இல் முடிவெடுத்தன. அதன் பிறகும் இவை திருட்டுத்தனமாக விற்கப்படுகின்றன. கலோமெல், மெர்குரிக், மெர்குரியஸ் ஆகிய சொற்கள் பட்டியலில் இருந்தால் தொடவே வேண்டாம். பட்டியலில் எதுவும் இல்லாமல், ‘தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும்’ என்ற அறிவுரை மட்டும் இருந்தாலும் பாதரசம் இருக்கக்கூடும். ஏனெனில் அது அந்த உலோகங்களோடு கலந்துவிடும்.

ஸ்டீராய்டு கலந்திருந்தால் முதலில் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, கன்னத்தில் நூல்போன்ற சிவப்பு இரத்தக் குழாய்கள் தெரியும். பருக்களும் பூனைமுடியும் வரும். நிறுத்தினால் முகம் எரியும், அந்த எரிச்சலுக்கு அஞ்சியே மீண்டும் அதையே பூசுவார்கள். பாதரச ஐயம் இருந்தால் தங்கை இன்றே நிறுத்திவிட்டு, டப்பாவை மூடிய பையில் போட்டு வைத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லட்டும். ஸ்டீராய்டு கலந்ததை நீண்ட நாள் பூசியிருந்தால், எப்படி விடுபடுவது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். அவருடைய இயல்பான நிறத்தில் எந்தக் குறையும் இல்லை என்பதை வீட்டிலுள்ளவர்கள் அவரிடம் சொல்வதும் இந்தச் சிகிச்சையில் சேர்ந்ததுதான்.

கேள்வி: அப்படியானால் பதப்படுத்தி இல்லாத, முழுக்க இயற்கையான பொருளே பாதுகாப்பானதா?

நீர் கலந்த கிரீமில் பதப்படுத்தி இல்லையென்றால் அதில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். கண்ணருகே பூசினால் தொற்று வரும். மெத்தில்பாரபென், எத்தில்பாரபென் என்ற பதப்படுத்திகள் இரண்டையும் ஐரோப்பிய விதிகள் அளவோடு அனுமதிக்கின்றன. பூசி அப்படியே விடும் பொருட்களில் அங்கே தடை செய்யப்பட்டது, பரவலாக ஒவ்வாமை தந்த மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பதப்படுத்தி. நறுமண எண்ணெய்களில் உள்ள லினலூல், லிமோனீன் ஆகியவையும் காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் ஒவ்வாமை தரும். தாவரத்திலிருந்து வந்தது என்பது ஒரு செய்தி, அவ்வளவே.

கேள்வி: கர்ப்பகாலத்தில் எதைத் தவிர்ப்பது?

ரெட்டினால், ட்ரெட்டினோயின் முதலிய ரெட்டினாய்டு வகைகள் அனைத்தையும் தவிர்க்க வேண்டும். ஹைட்ரோகுவினோனும் வேண்டாம்.

கேள்வி: பன்னிரண்டு வயது மகள் சீரம் வேண்டுமென்று அடம்பிடிக்கிறாள்.

முதுமைச் சுருக்கத்துக்கான ரெட்டினாலும் உரிக்கும் அமிலங்களும் அவளுக்குத் தேவையில்லை, எரிச்சலைத்தான் தரும். மென்மையான முகக் கழுவியும் மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் போதும். சன்ஸ்கிரீனில் எஸ்பிஎஃப் (வெயில் காப்பு எண்) 30 என்பது தீக்காயம் உண்டாக்கும் புற ஊதா ‘பி’ கதிர்களில் சுமார் 97 விழுக்காட்டைத் தடுக்கும், 50 என்பது 98 விழுக்காட்டை. இந்த எஸ்பிஎஃப் எண்ணிக்கையைவிட, தாராளமாகப் பூசுவதும் வெளியில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூசுவதும் முக்கியம்.

கேள்வி: ஒரே வாரத்தில் நான்கு பொருட்களைத் தொடங்கினேன், முகம் முழுதும் தடிப்பு. எது காரணம் என்று எப்படி அறிவது?

இப்போதைக்கு அறிய முடியாது. நான்கையும் நிறுத்திவிட்டு, தோல் தேறும்வரை நறுமணமில்லாத மாய்ஸ்சரைசரை மட்டும் பூசுங்கள். பிறகு ஒன்றை மட்டும் எடுத்து, முழங்கையின் உட்பக்கத்தில் சிறு இடத்தில் தினமும் இருவேளை, ஏழு முதல் பத்து நாட்கள் பூசிப் பாருங்கள். சிவக்காமல் அரிக்காமல் இருந்தால் முகத்துக்குக் கொண்டுபோகலாம். உதடோ கண்ணோ வீங்கினாலும் மூச்சுத் திணறினாலும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தடிப்பு அடங்காவிட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது நான்கு பொருட்களையும் அவற்றின் அட்டைப்பெட்டியோடு எடுத்துச் செல்லுங்கள், சில பொருட்களுக்கு உட்பொருள் பட்டியல் பெட்டியில் மட்டுமே இருக்கும்.