மாஸ்டரும் அந்தத் தாயும்

வணக்கம் அக்கா,

நான் வடமராட்சியில் பிறந்தவன், இப்போது இருப்பது டொரோண்டோவில். ஓ.எல். வரை எனக்குக் கணக்குப் படிப்பித்த மாஸ்டரை 1986 இல் ஒரு பின்னேரம் ஆயுத இயக்கப் பெடியள் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த நாள் காலை சந்தியில் லைட் போஸ்டில் கட்டிச் சுடப்பட்டுக் கிடந்தார். கழுத்தில் தொங்கிய மட்டையில் துரோகி என்று எழுதியிருந்தது. அவர் என்ன செய்தார் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. செத்த வீட்டுக்குப் போக அப்பா என்னை விடவில்லை.

போன வருடம் ஊருக்குப் போனபோது, கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் இருக்கும் கொட்டகையைக் கண்டு இறங்கினேன். ஓர் அம்மா மகனின் படத்தைக் காட்டினார். இயக்கச் சீருடையில் இருந்தான், இருபது வயதுகூட இருக்காது. 2009 மே மாதம் வட்டுவாகலில் தன் கையாலேயே ஆமியிடம் ஒப்படைத்தாராம். "நீயும் யாரையாவது தேடுறியா தம்பி?" என்று கேட்டார். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. மாஸ்டரின் கழுத்தில் இருந்த மட்டைதான் கண்ணுக்குள் நின்றது. நண்பர்களிடம் சொன்னால், எல்லாரும்தான் பாவம், பழையதைக் கிளறாதே என்கிறார்கள். அப்படி விட்டுவிட்டால் மாஸ்டருக்கு நான் செய்யும் மரியாதை என்ன? நான் கல்நெஞ்சக்காரனா?

ச.

அன்புள்ள ச.,

கல்நெஞ்சக்காரன் அந்தக் கொட்டகையைக் கண்டு இறங்கியிருக்க மாட்டான்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கனமாக இருந்த வரி, செத்த வீட்டுக்கு அப்பா விடவில்லை என்பது. உங்கள் அப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன், அந்த நாட்களில் துரோகி என்று சுடப்பட்டவரின் வீட்டுப் படலையைத் திறக்கவே ஊர் பயந்தது. எட்டுச் செலவுச் சடங்குக்குச் சொந்தக்காரர்களே இருட்டிய பிறகு வந்து, பேசாமல் இருந்துவிட்டுப் போன வீடுகளை எனக்குத் தெரியும். மனைவி ஒப்பாரி வைத்தால் அதைக் கேட்டு யார் என்ன நினைப்பார்களோ என்று அயலவர்கள் வந்து அவளின் வாயைப் பொத்தினார்கள். பள்ளிக்கூடத்தில் அடுத்த கிழமை வேறொரு மாஸ்டர் வந்து விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடங்கியிருப்பார். உங்களை ஒருவரும் அழ விடவில்லை. பதினைந்து பதினாறு வயதில் அடக்கிய அந்த அழுகை இத்தனை வருடம் உள்ளேயே கிடக்கிறது. அப்படி இருக்கும்போது இன்னொரு தாயின் முன்னால் கண்ணீர் வரவில்லை என்று உங்களையே குற்றவாளியாக்கிக்கொள்வது நியாயமில்லை.

எல்லாரும்தான் பாவம் என்று உங்கள் நண்பர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆமி சுட்டுப் பிள்ளையை இழந்த வீட்டில் போய் நம் ஆட்கள் யாராவது அப்படிச் சொல்வார்களா? நம் பக்கத்துத் துவக்கால் செத்தவர்களின் ஆட்களிடம்தான் இதைச் சொல்கிறோம். கருணை என்ற பெயரில் வாயை மூடச் சொல்வது அது. யார் செத்தார், எப்படிச் செத்தார், யார் கொன்றார் என்று கேட்காமல் எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்துப் பாவம் என்பதில் எனக்குக் கருணை தெரியவில்லை.

வேறு விதமாக இருக்க முடியும் என்று எனக்குக் காட்டியவர் ரஜனி திராணகம. உங்களுக்குத் தெரிந்த பெயர்தான், ஆனாலும் இங்கே வாசிக்கும் இளையவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவர். இங்கிலாந்தில் முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே பிள்ளைகளோடு பாதுகாப்பாக இருந்திருக்கலாம், 1986 இல் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்து படிப்பித்தார். ஒரு காலத்தில் புலிகளோடு நின்றவர், காயப்பட்ட பெடியளுக்கு வைத்தியம் பார்த்தவர், பிறகு அவர்கள் செய்வதைப் பார்த்து விலகியவர். கணவர் சிங்களவர். 1987 அக்டோபர் 21 தீபாவளி நாளில், அமைதிப்படை என்று வந்த இந்திய ஆமி யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து நோயாளிகளையும் வைத்தியர்களையும் தாதிமாரையும் சுட்டது. அறுபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். மறுநாள் காலை, தாதிமாரோடு கைகளை உயர்த்தியபடி வெளியே வந்த குழந்தை வைத்தியர் சிவபாதசுந்தரத்தையும் சுட்டார்கள். இதையெல்லாம் ரஜனியும் அவருடைய சகாக்களும் தப்பியவர்களிடம் கேட்டு எழுதினார்கள். அந்த மாதங்களில் ஆமியால் பாதிக்கப்பட்ட பெண்களிடம் போய், அவர்கள் சொல்லக் கூசியதையும் பொறுமையாக இருந்து கேட்டு எழுதியவர் ரஜனி.

அதே கையால் அவர்கள் இயக்கங்கள் செய்ததையும் எழுதினார்கள். மற்ற இயக்கத்துப் பெடியளைப் புலிகள் கொன்றது, ஊருக்கு நடுவே நின்றுகொண்டு சுட்டுவிட்டு ஓடிப்போய் சனத்தைச் சாகவிட்டது, எல்லாவற்றையும். 'முறிந்த பனை' என்ற அந்தப் புத்தகத்தை ரஜனி, ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், ஸ்ரீதரன் ஆகிய நான்கு பேரும் பல்கலைக்கழக ஆசிரியர்களாகவே இருந்து எழுதினார்கள். அது 1990 இல் அச்சில் வெளிவந்தபோது ரஜனி இல்லை. 1989 செப்டம்பர் 21, பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழியில் திருநெல்வேலியில் சுட்டுப்போட்டார்கள். வயது 35. இரண்டு சின்னப் பெண்பிள்ளைகள். கொன்றது புலிகள் என்று அவரோடு வேலை செய்தவர்களும் குடும்பத்தாரும் சொல்லி வருகிறார்கள், புலிகள் பொறுப்பேற்கவில்லை.

அதே வருடம் தெற்கிலும் இதுதான் நடந்தது, நம் ஆட்கள் பலருக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைப்பதும் இல்லை. 1989 மார்ச்சில் கொழும்புப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஸ்டான்லி விஜேசுந்தர சுடப்பட்டார், அப்புறம் மொரட்டுவைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அது ஜேவிபி என்ற சிங்கள இடதுசாரி இயக்கம் ஆயுதக் கிளர்ச்சி செய்த காலம். பதிலுக்கு அரசாங்கம் சிங்களப் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் எரித்தும் புதைத்தும் போட்டது. எம்பிலிப்பிட்டியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆமி முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பவே இல்லை. அந்த வழக்கில் தண்டனை பெற்றவர்களில் பாடசாலை அதிபர் ஒருவரும் இருந்தார். தன்னிடம் படிக்க வந்த பிள்ளைகள் விஷயத்தில் ஒரு அதிபர். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நமக்கு 1985 இல் சுடப்பட்ட சென் ஜோன்ஸ் கல்லூரி அதிபர் ஆனந்தராஜன் இருக்கிறார், பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஆமிக்கும் ஒரு கிரிக்கெட் மேட்ச் வைத்ததற்காக. அவருக்காகக் கலங்கும் எனக்கு எம்பிலிப்பிட்டித் தாய்மாரை நினைத்தும் கலங்காமல் இருக்க முடியவில்லை, அவர்கள் பேசும் பாஷை எனக்குச் சரியாக வராது, அவ்வளவுதான்.

இனி அந்தப் பையனுக்கு வருகிறேன். 2009 இல் அவனுக்கு இருபது வயதுகூட இருக்காது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாஸ்டரைக் கொண்டுபோன அன்று அவன் பிறந்திருக்கவே இல்லை. போரின் கடைசி வருடங்களில் வன்னியில் வீட்டுக்கு ஒருவர் என்று புலிகள் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிள்ளையைக் கொடுக்க மாட்டோம் என்று தாய்மார் குழி வெட்டி ஒளித்தார்கள், வயது வராத பிள்ளைகளுக்கு அவசரமாகக் கலியாணம் செய்துவைத்தார்கள். அந்த அம்மாவின் மகன் விரும்பிப் போனவனா, இழுத்துக்கொண்டு போகப்பட்டவனா, உங்களுக்கும் எனக்கும் தெரியாது. விரும்பியே போயிருந்தாலும், சரணடைந்த ஒருவனை எங்கே கொண்டுபோனீர்கள் என்று கேட்க அவனுடைய தாய்க்கு முழு உரிமை இருக்கிறது. அந்தக் கேள்வியும் உங்கள் கேள்வியும் ஒன்றுதான், ச. கொண்டுபோனீர்களே, ஏன் என்று சொல்லுங்கள். இரண்டு பேருக்கும் இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

ரஜனியின் சகாக்களை நான் அடிக்கடி நினைப்பது இதனால்தான். தோழியைச் சுட்ட பிறகு யாழ்ப்பாணத்தில் இருக்க முடியாமல் வெளியேறி, ஒளிந்து ஒளிந்து இருந்துகொண்டே இருபது வருடம் அறிக்கைகள் எழுதினார்கள். புலிகளிடம் அவர்களுக்குக் கோபம் இருந்தது, அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. ஆனால் 2009 இல் முள்ளிவாய்க்காலில் ஆமி சனத்தின் மீது ஷெல் அடித்ததையும் சரணடைந்த புலிகளுக்கு நடந்ததையும் யாருக்கும் குறையாமல் எழுதியவர்கள் அவர்கள். தங்கள் தோழியைக் கொன்ற இயக்கத்தின் பிள்ளைகளுக்கு நீதி கேட்டார்கள். ரஜனியின் மகள் சரிகா மானுடவியல் படித்தார், பிறகு புத்தளத்து அகதி முகாம்களுக்குப் போனார். 1990 அக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து விரட்டிய முஸ்லிம் சனங்கள் அங்கே இருந்தார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். தாயை இழந்த பிள்ளை, ஊரை இழந்த அந்தச் சனங்களின் கதையைக் கேட்டு எழுதினார். தாயின் துக்கத்தை மறந்தா அங்கே போனார்? எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாயின் கொலையைப் பற்றி அவர் வெளிப்படையாகப் பேசுகிறவர். துக்கத்தை மறைக்காமல் வாழ்ந்ததால்தான் மற்றவர்களின் முன்னால் போய் உட்கார முடிந்தது என்று நான் நினைக்கிறேன்.

அதனால் கொன்றவர்களை மன்னியுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அதைச் சொல்ல நான் யார்? முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18 அன்று மனமில்லாமல் போய் விளக்கேற்றவும் வேண்டாம். மனம் வரும் வருடம் போங்கள்.

முதலில் மாஸ்டரைப் பற்றி எழுதுங்கள். அவர் எப்படிக் கணக்குச் செய்து காட்டுவார், யாருக்கு அடி விழும், டியூட்டரிக்குக் காசில்லாத பிள்ளைகளை என்ன செய்தார், எந்தச் சந்தி, எந்த மாதம், யார் வந்து கூப்பிட்டார்கள், எல்லாவற்றையும். ஊரில் உங்களோடு படித்தவர்களிடமும் கேளுங்கள், உங்களைப் போலவே பேசாமல் இருக்கும் இன்னும் நாலு பேர் கட்டாயம் இருப்பார்கள். எழுதினால் எனக்கு அனுப்புங்கள், நான் போடுகிறேன். ஆனால் அதற்கு முன் ஒன்று: மாஸ்டரின் மனைவி இருக்கிறாரா, பிள்ளைகள் எங்கே என்று விசாரித்து அவர்களோடு பேசுங்கள். பெயரைப் போடலாமா வேண்டாமா என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் எழுதியதை அவர்களுக்கு மட்டும் கொடுங்கள்.

அன்புடன்,
அக்கா