முதல் பக்கமும் மதிப்புரைப் பக்கமும்

அன்புள்ள ஐயா,

கிழக்கு ஐரோப்பிய இலக்கியம் பற்றிய உங்கள் கட்டுரையில் ‘ரொமானியா லிதெராரா’ என்ற ருமேனிய வார இதழைப் போகிற போக்கில் குறிப்பிட்டு, கம்யூனிஸ்ட் ஆட்சியில் வந்த நல்ல பத்திரிகை என்று எழுதியிருந்தீர்கள். அது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. நான் தேடிப் பார்த்தவரை அதன் முதல் பக்கத்தில் ருமேனியாவை ஆண்ட சௌஷெஸ்குவின் படமும் அவரைப் புகழும் கவிதைகளும் திரும்பத் திரும்ப வருகின்றன. எழுத்தாளர் சங்கத்தின் இதழ் அது. சங்கமோ கட்சியின் பிடியில் இருந்தது. இன்னொரு பக்கம், அதில் எழுதியவர்கள் பூடகமாக ஆட்சியை எதிர்த்தார்கள், வாசகர்கள் அதைப் புரிந்துகொண்டார்கள் என்றும் சிலர் சொல்கிறார்கள். எதை நம்புவது? அதில் எழுதியவர்களை நாம் மதிக்கலாமா? நீங்களாக இருந்தால் எழுதியிருப்பீர்களா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

‘நல்ல பத்திரிகை’ என்று இரண்டு சொல்லில் முடித்துக்கொண்டது என் பிழைதான். நீங்கள் கேட்டது நல்லதாயிற்று.

1954-இல் தொடங்கிய ‘கஸேத்தா லிதெராரா’ என்ற இதழ்தான் 1968 அக்டோபரில் ‘ரொமானியா லிதெராரா’ ஆனது. அந்த ஆண்டு ஆகஸ்டில் சோவியத் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் புகுந்தபோது சௌஷெஸ்கு அதில் சேர மறுத்து, புக்கரெஸ்டில் பெருங்கூட்டத்தின் முன் நின்று கண்டித்தார். எழுத்தாளர்கள் பலர் அவரை நம்பியது அப்போதுதான். பின்னாளில் அந்த ஆட்சியோடு நேருக்கு நேர் மோதிய நாவலாசிரியர் பால் கோமாகூட அந்த நாட்களில்தான் கட்சியில் சேர்ந்தார். அந்தச் சூட்டோடு பிறந்த இதழ். கவிஞர் ஜெயோ துமித்ரெஸ்கு முதல் ஆசிரியர், அவருக்குப் பின் நாவலாசிரியர் நிக்கொலாயே ப்ரெபான்.

மூன்று வருஷம்கூட அந்தச் சூடு நீடிக்கவில்லை. 1971-இல் சீனாவுக்கும் வட கொரியாவுக்கும் போய்த் திரும்பிய சௌஷெஸ்கு, ஜூலை மாதம் பதினேழு அம்சங்கள் கொண்ட ஓர் அறிக்கையை வெளியிட்டார். கலையும் எழுத்தும் இனிக் கட்சி சொல்கிற வழியில்தான் என்பது அதன் சாரம். ப்ரெபான் அப்போது பாரிஸில் இருந்தார். அங்கிருந்தே வெளிப்படையாகக் கண்டித்து ஆசிரியர் பொறுப்பை உதறினார். அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் ஜார்ஜே இவாஷ்கு. 1988-இல் சாகும்வரை அவர்தான் ஆசிரியர்.

இவாஷ்கு பழைய இடதுசாரி. ஆனாலும் 1948-இல் இதே ஆட்சி அவரைக் கைது செய்து 1954 வரை சிறையில் வைத்திருந்தது. வெளியே வந்தபின் ‘கொன்டெம்பொரானுல்’ என்ற வார இதழை அவரிடம் கொடுத்தார்கள், அதன் பிறகு இது. சிறை எப்படி இருக்கும் என்று உடம்பால் தெரிந்த மனிதர் என்ன செய்வார்? முதல் பக்கத்தைக் கட்சிக்குக் கொடுத்துவிட்டு உள்பக்கங்களைத் தனக்கு வைத்துக்கொள்வார். அதைத்தான் செய்தார். ஒவ்வொரு ஜனவரி 26-ஐ ஒட்டியும், சௌஷெஸ்குவின் பிறந்தநாளுக்கு, படமும் வாழ்த்துக் கவிதையும் வந்தன. நீங்கள் பார்த்தது அதைத்தான். அதை நான் மழுப்பப் போவதில்லை.

சரி, உள்ளே பூடகமான எதிர்ப்பு இருந்ததா? அந்தப் பேச்சில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. எதிர்ப்பு எழுந்த இடத்தில் பூடகம் தேவைப்படவில்லை. கவிஞர் ஆனா ப்ளந்தியானாவின் ஒரு கவிதையைப் பாருங்கள். 1984 டிசம்பரில் ‘அம்ஃபிதெயாத்ரு’ என்ற மாணவர் மாத இதழில் வந்தது. தலைப்பு ‘எல்லாம்’. கவிதை முழுக்க வெறும் பட்டியல்: இலைகள், கண்ணீர், எப்போதாவது வரும் டிராம், மாவு வாங்க நிற்கும் வரிசை, சொற்பொழிவுகள், எல்லோருக்கும் தெரிந்த உருவப்படங்கள், ஏற்றுமதியில் தள்ளுபடியான ஆப்பிள், கலப்பட எண்ணெய், காப்பி என்ற பெயரில் வேறு ஏதோ தூள், விமான நிலைய வரவேற்புகள், அப்புறம் ‘அடிடாஸ்’. ஷூ அல்ல, பன்றிக்கால். நல்ல கறியெல்லாம் ஏற்றுமதிக்குப் போய்க் கடையில் கால் மட்டும் மிஞ்சியதால் மக்கள் அதற்கு வைத்த பெயர். இதில் மறைபொருள் என்ன இருக்கிறது? நாடு முழுவதும் தினமும் பார்க்கிற சாமான்களை ஒரு பெண் வரிசையாகச் சொன்னார், அவ்வளவுதான். தட்டச்சு இயந்திரம் வைத்திருப்பவர்கள் எழுத்து மாதிரியோடு காவல்துறையில் பதிய வேண்டும் என்று 1983-இலேயே ஆணை வந்துவிட்ட நாடு. ஆகவே ஜனங்கள் அந்தக் கவிதையைக் கையால் எழுதிக் கைமாற்றினார்கள்.

அதே ப்ளந்தியானா ‘ரொமானியா லிதெராரா’வில் ‘அட்லஸ்’ என்ற பத்தியைப் பல ஆண்டுகள் எழுதிக்கொண்டிருந்தார். 1988-இல் அவருடைய குழந்தைகள் புத்தகத்தில் வரும் ஒரு பூனை தலைவரைப் போல இருக்கிறது என்று தடை வந்தபோது பத்தியும் நின்றது.

அப்படியானால் அந்த வார இதழ் எதைக் காப்பாற்றியது? மதிப்புரைப் பக்கத்தை. நான் அதை ‘நல்ல பத்திரிகை’ என்று சொன்னதற்குக் காரணம் அந்தப் பக்கம் ஒன்றுதான்.

நிக்கொலாயே மனோலெஸ்கு என்ற விமரிசகர். 1939-இல் பிறந்தவர். பையனாக இருந்தபோதே தாயையும் தகப்பனையும் அரசியல் கைதிகளாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். தாய்வழித் தாத்தாவின் குடும்பப் பெயரைப் போட்டுக்கொண்டுதான் அவர் வளர்ந்தார். இந்தப் பையனுக்கு 1962-இல் ‘கொன்டெம்பொரானுல்’ இதழில் வாராவாரம் மதிப்புரை எழுத இடம் கொடுத்தவர் இவாஷ்கு. 1972-இலிருந்து ‘ரொமானியா லிதெராரா’வில். இரண்டும் சேர்த்து முப்பது வருஷம், வாரம் ஒரு புத்தகம். வாழ்த்துரை ஒரு வேலையாகவே ஆகிவிட்ட ஒரு நாட்டில், ஒரு மனிதர் வாரம் தவறாமல் உட்கார்ந்து, இந்த நாவல் நிற்கிறது, இந்தத் தொகுப்பு நிற்கவில்லை என்று காரணத்தோடு எழுதுவது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள். கட்சிக்கு வேண்டியவரா என்பது அங்கே கேள்வியே இல்லை. வாக்கியம் உயிரோடு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இதற்கு எதிராக வேறொரு அளவுகோல் அப்போது வலுவாக எழுந்துகொண்டிருந்தது. 1974-இல் எட்கர் பாப்பு என்ற விமரிசகர் ஒரு கட்டுரை எழுதினார். ஐரோப்பாவில் பின்னால் வந்த பல போக்குகளை ருமேனியர்கள் முன்கூட்டியே தொட்டுவிட்டார்கள் என்பது அவர் வாதம். படித்த மனிதரின் ஊகமாகத் தொடங்கிய அந்த எண்ணத்தை ஆட்சி இறுக்கிப் பிடித்துக்கொண்டது. நாவலாசிரியர் யூஜென் பார்பு நடத்திய ‘சப்தமினா’ என்ற வார இதழ் அதையே கொடியாகத் தூக்கியது. தேசத்தைப் புகழ்கிறவன் பெரிய எழுத்தாளன், மற்றவன் அந்நிய அடிவருடி. இப்படிப்பட்ட வாரத்தில் ‘இந்தப் புத்தகம் சுமார்’ என்று எழுதுவது சாதாரண விஷயம் அல்ல. இளம் கவிஞர்கள் மனோலெஸ்குவைத் தேடிப் போனதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். பல்கலைக்கழகத்தில் அவர் நடத்திய ‘திங்கள்கிழமை வட்ட’த்தில்தான் அன்றைய இளம் கவிஞர் மிர்ச்சா கர்த்தரெஸ்கு தன் கவிதைகளை வாசித்தார். 1983-இல் அதை மூடிவிட்டார்கள்.

இந்தப் பக்கங்களைப் பாரிஸில் ஒருவர் வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தார், நாட்டை விட்டு வெளியேறிய ருமேனிய விமரிசகர் மோனிகா லொவினெஸ்கு. படித்துவிட்டு, அமெரிக்கப் பணத்தில் கம்யூனிஸ்ட் நாடுகளுக்கு ஒலிபரப்பிய ‘ஃப்ரீ யூரோப்’ வானொலியில் பேசுவார். புக்கரெஸ்டில் எழுதியது பாரிஸ் போய்க் குரலாகத் திரும்பி வந்து, ராத்திரி சமையலறையில் சத்தம் குறைத்து வைத்த ரேடியோவில் கேட்கும். 1977 நவம்பரில் அவரை வீட்டு வாசலிலேயே அடித்துப் போட்டார்கள். பிழைத்து எழுந்து மறுபடியும் பேசினார்.

இனி நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் உறுத்தலுக்கு முதல் பக்கத்தைவிடப் பெரிய காரணம் அந்த இதழில் உண்டு.

1977 தொடக்கத்தில் பால் கோமா மனித உரிமை கேட்டுக் குரல் எழுப்பினார். பெயர் பெற்ற இலக்கியவாதிகளில் அவரோடு வெளிப்படையாக நின்றவர்கள் மிகச் சிலர். அதில் ஒருவர் இயோன் நெகோயிட்செஸ்கு, மூத்த விமரிசகர், 1960களில் ஏற்கெனவே சிறையில் இருந்தவர். அவரைப் பிடித்து விசாரித்தார்கள். அவர் தற்பால் விருப்பம் கொண்டவர். அந்த நாட்டில் அது குற்றம். அந்தச் சட்டத்தைக் காட்டி மிரட்டினார்கள். மனிதர் உடைந்தார். ஏப்ரலில் ‘நாட்டுப்பற்று குறித்து’ என்ற தலைப்பில் அவர் பெயரில் ஒரு கட்டுரை வந்தது. அது வந்தது ‘ரொமானியா லிதெராரா’வில். இலக்கியத்துக்காக வைத்துக்கொண்ட உள்பக்கங்களில் அந்த வாரம் ஒரு மனிதனின் தோல்வி அச்சாகியிருந்தது. அதே ஆண்டுதான் தணிக்கை அலுவலகத்தைக் கலைத்துவிட்டோம் என்று அரசு அறிவித்தது. அதன் பிறகு வெட்டுகிற வேலை ஆசிரியர்கள் தலையிலேயே விழுந்தது.

1989 மார்ச்சில் இன்னொரு முறை. அந்த இதழிலேயே வேலை பார்த்த கவிஞர் மிர்ச்சா தினெஸ்கு பிரெஞ்சுப் பத்திரிகைக்கு ஒரு பேட்டி கொடுத்தார். வேலை போயிற்று, வீட்டுக்காவலில் வைத்தார்கள். அவருக்காகச் சங்கத் தலைவருக்குக் கடிதம் எழுதிக் கையெழுத்திட்டவர்கள் ஏழு பேர். ஏழே பேர். டிசம்பர் 22 அன்று சர்வாதிகாரி ஓடிவிட்டான் என்று தொலைக்காட்சியில் கத்திய முகங்களில் தினெஸ்குவும் ஒருவர்.

நானாக இருந்தால் எழுதியிருப்பேனா என்று கேட்டீர்கள். எழுதியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். மதிப்புரை எழுத இரண்டு பத்தி இடம் கொடுத்தால், அதுவும் நினைத்ததைச் சொல்ல விட்டால், முதல் பக்கத்தில் யார் படம் என்று பார்க்காமல் ஓடிப்போயிருப்பேன். அப்புறம் அந்த 1977 ஏப்ரல் இதழ் கைக்கு வந்திருக்கும். ஒரு பக்கத்தில் என் மதிப்புரை, இன்னொரு பக்கத்தில் நெகோயிட்செஸ்குவின் கட்டுரை. அவர் அந்த வாரம் என்னைத் தெருவில் பார்த்திருந்தால் நான் நின்று பேசியிருப்பேனா என்றுதான், உங்கள் கடிதம் வந்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.